ஞாயிற்றைத் தொடரும் பொறி

தேனி நகரிலிருந்து தென்மேற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களின் வழியாகக் குமுளி மலையடிவாரம் வரையில் நீண்டு கிடக்கும் வளமான நிலப்பரப்பே கம்பம் பள்ளத்தாக்கு எனப்படுவது. இதன் மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும் இரு மதில்கள்போல் எழுந்து நிற்கின்றன. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் முயன்று 1895ஆம் ஆண்டில் நிறைவேற்றிய பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி இப்பள்ளத்தாக்கில் இறங்குகின்றது. அந்நீர் இறங்கும் விசையைக் கொண்டு 1958ஆம் ஆண்டு முதல் மின்சாரமும் எடுக்கப்பட்டு வருகின்றது. ஆற்று நீர் பாயும் தாழ்ந்த நிலங்களில் நெல் விளையும். அந்நீர் ஏறாத மேட்டு நிலங்களிலோ திராட்சையும் வாழையும் தென்னையும் கிணற்று நீரையே நம்பி வாழ்கின்றன. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் இனிப்பிலும் கிணற்று நீருக்குப் பங்கு உண்டு.

கிணற்று நீரை மேலே கொணர்வதற்கு அந்நாட்டு உழவர் முற்காலத்தில் கமலை பூட்டி எருதுகளை ஓட்டினர். பின்னர் எண்ணெயால் இயங்கும் எந்திரம் வந்தது. அதன் பின்னர் மின்சார மோட்டார் வந்தது. எருதை ஓட்டுதற்கு ஆள் வேண்டும். மோட்டாருக்கு ஆள் வேண்டுவதில்லை எனினும், அதனைத் தொடக்கவும் நிறுத்தவும் ஒருவர் வேண்டும். இரவில் மின்சாரம் வரும் பொழுதை எதிர்நோக்கி, கையில் விளக்குடன், பாம்பும் தேளும் ஊரும் வரப்பின்மீது நடந்து சென்று மோட்டாரைத் தொடக்கிய உழவர் எத்துணையோ பேர். மின்சாரம் வந்தவுடன் தானே தொடங்கும் விசைப்பெட்டி அவ்விடரைப் பெரிதும் குறைத்தது. ஆள் இல்லாதபொழுதும் வேளையறிந்து தொழில் செய்யும் பொறியின் அருமையை, அவ்வரப்பில் நடந்தவரே நன்கு அறிவர்.

இப்பொழுது ஞாயிற்றின் ஒளியையே மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தால் நீர் இறைக்கும் பம்புகளும் தோட்டங்களில் நிற்கின்றன. ஒளி மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்பதை எட்மண்ட் பெக்கரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். சிலிக்கான் என்னும் தனிமத்தால் ஆகிய, பயன்படத்தக்க ஒளிமின்கலம் 1954ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையினர் 2013-14ஆம் ஆண்டில் இத்தகைய பம்புகளை 80 விழுக்காடு மானியத்துடன் உழவர்க்கு வழங்கத் தொடங்கினர். அவ்வாறு வழங்கிய பம்புகளில் ஒரு புதுமை இருந்தது. மின்சாரம் தரும் பலகைகள் ஓரிடத்தில் அசையாது நில்லாமல், ஞாயிறு செல்லும் திசையெல்லாம் தாமே திரும்பும் அமைப்பினைப் பெற்றிருந்தன.

பலகை ஏன் திரும்ப வேண்டும்? சாய்ந்து பெய்யும் மழையில் ஒரு சுளகைப் பிடித்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். மழை வரும் திசைக்கு நேராகச் சுளகின் முகத்தைக் காட்டினால் மிகுதியான துளிகள் அதில் விழும். சுளகைச் சாய்த்துப் பிடிக்கப் பிடிக்க, விழும் துளிகள் குறைந்துகொண்டே வரும். முற்றும் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் ஒரு துளியும் அதன் முகத்தில் விழாது. ஒளிக்கதிரும் அத்தகையதே. கதிர் பலகைமீது நேர்க்குத்தாக விழுங்கால் கிடைக்கும் ஒளியை நூறு பங்கு எனக் கொண்டால், 30 பாகை சாய்ந்து விழும்பொழுது 87 பங்கும், 45 பாகை சாய்ந்தால் 71 பங்கும், 60 பாகை சாய்ந்தால் 50 பங்குமே கிடைக்கும்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. ஆதலின் ஞாயிறு மணிக்கு 15 பாகை வீதம் வானில் நகர்வதாகத் தோன்றும். வானை நோக்கி மல்லாந்து கிடக்கும் பலகைக்கு உச்சிப்பொழுதில் முழு ஒளியும் கிடைக்கும். உச்சிக்கு மூன்று மணி முன்னும் பின்னும் 71 பங்கு. நான்கு மணி முன்னும் பின்னும் பாதியே. இக்குறைவு பம்பினைப் பொறுத்தவரையில் மேலும் கொடியது. விளக்கிற்குப் பாதி மின்சாரம் வந்தால் அது மங்கலாகவேனும் எரியும், பம்போ அத்தகையதன்று. சுழலும் வேகம் பாதியானால், நீரை உயர்த்தும் உயரம் நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே ஆழ்ந்த கிணற்றில் வேகம் குறைந்த பம்பு சுழன்றுகொண்டேயிருக்கும்; நீரோ குழாயின் இடையில் நின்றுவிடும், வாய்க்காலுக்கு ஒரு துளியும் வாராது. காலையிலும் மாலையிலும் பலகையைத் திருப்பி வைத்தால், வீணாகச் சுழலும் அப்பொழுதும் நீர் இறைக்கும் பொழுதாக மாறும். கோடையில் கொடிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் நீர் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை இத்திருப்பமே முடிவு செய்கின்றது.

ஒளியை நோக்கித் திரும்பும் வினை உலகிற்குப் புதியதன்று. முள்ளால் அஞ்சப்படும் நெருஞ்சி, தன் மஞ்சட் பூவை எழுகின்ற ஞாயிற்றின் எதிரே காட்டி நிற்பதைச் சங்கச் சான்றோர் கண்டனர். வள்ளலின் மார்பை நோக்கி மலர்ந்திருக்கும் வறிய புலவர்தம் உண்கலங்களுக்கு அப்பூவை மோசிகீரனார் புறநானூற்றில் உவமை ஆக்கினார். இளஞ்சூரியகாந்தியும் பகலெல்லாம் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்புகின்றது. அதற்குக் கண் இல்லை, தசை இல்லை. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் மிகுதியாக வளரத் தலை மேற்கே சாய்கின்றது. இரவில் மேற்குப் பக்கம் மிகுதியாக வளர, விடியுமுன்னரே தலை மீண்டும் கிழக்கே திரும்பிக் காத்திருக்கின்றது. இருளில் திரும்புதலின், ஒளியை மட்டுமன்றித் தன்னுள் அமைந்த ஒரு காலக்கணக்கையும் அச்செடி பின்பற்றுகின்றது என்று தாவர நூலார் காட்டியுள்ளனர். முதிர்ந்த பின்னர் அது திரும்புவதை விடுத்துக் கிழக்கே நோக்கியவாறு நின்றுவிடும்.

பொறிக்கு இவ்வாறு வளர்ந்து வளையும் தண்டு இல்லை. அதற்கு ஒளியை அறியும் உறுப்பு ஒன்றும், திருப்பும் மோட்டார் ஒன்றும், இரண்டினையும் இணைத்து ஆணையிடும் உறுப்பு ஒன்றும் தனித்தனியே அமைத்தல் வேண்டும். இவற்றுள் ஒளியுணரியின் வரலாறு சுவையானது. கடலடியில் தந்திக் கம்பி போடும் தொழிலில் ஈடுபட்டிருந்த வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயர், கம்பியைச் சோதிப்பதற்காக மிகுந்த மின்தடை உடைய பொருள் ஒன்றைத் தேடினார். செலினியம் என்னும் தனிமத்தாலாகிய சிறு கோல்கள் அதற்கு ஏற்றவை எனக் கருதினார். ஆனால் அவற்றின் தடை ஒரு நேரம் இருந்தவாறு மற்றொரு நேரம் இல்லை. அவருடைய உதவியாளர் மே என்பாரும் இதனைக் கண்டு வியந்தார். கோல்களை இட்ட பெட்டியின் மூடியை மூடியபோது தடை மிகுந்தது, திறந்தபோது குறைந்தது. வேறுபாட்டிற்குக் காரணம் ஒளியே எனத் தெளிந்து, 1873ஆம் ஆண்டில் ஸ்மித் அதனை வெளியிட்டார். கம்பி சோதிப்பவருக்குக் குறையாக இருந்த அக்குணமே பிற்காலத்தில் ஒளியுணரிகளுக்கு அடிப்படையாயிற்று.

மின்சாரமே இல்லாமல் ஒளியை உணர்ந்து தொழிற்பட்ட கருவியும் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டவரான குஸ்தாவ் தாலேன் என்பவர் கடலோரக் கலங்கரை விளக்கங்களுக்காக அதனை அமைத்து, 1907ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கரி பூசிய உலோகக் கோல் ஒன்றும், பளபளப்பாக மெருகிட்ட கோல்கள் சிலவும் அதில் இருந்தன. பகலொளி பட்டவுடன் கருங்கோல் ஒளியை உண்டு வெப்பமுற்றுச் சற்றே நீளும். மெருகிட்ட கோல்களோ ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுதலால் அவ்வளவு நீளா. அந்த மயிரிழை வேறுபாடு விளக்கிற்குச் செல்லும் வாயுவின் வாயிலை அடைத்துவிடும். இருள் சூழ்ந்ததும் கருங்கோல் சுருங்கும், வாயில் திறக்கும், விளக்கு எரியும். காவலர் இல்லாத பாறைத் தீவுகளிலும் விளக்குகள் பொழுதறிந்து எரிந்து, பொழுதறிந்து அணைந்தன. இதற்காக அவருக்கு 1912ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப் பெற்றது. அவ்வாண்டிலேயே வாயுக் கலங்களைச் சோதிக்கும்போது நேர்ந்த வெடிப்பினால் அவர் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பரிசினை அவருக்காக அவருடைய உடன்பிறந்தார் பெற்றுக்கொண்டார். அவர் ஒரு கண் மருத்துவர். பார்வை இழந்த பின்னரும் தாலேன் 1937ஆம் ஆண்டில் மறையும் வரையில் தம் தொழிற்சாலையை நடத்தியும் புதியன புனைந்தும் வாழ்ந்தார். நோபல் பரிசு பெற்றோருள் உலகம் எளிதில் மறந்துவிட்டவர் இவர். மறந்திருக்க வேண்டியவர் அல்லர்.

இனிப் பலகையைத் திருப்பும் பொறியின் அமைப்பைக் காண்போம். பலகையின் விளிம்பில் சிறு கண்ணாடிப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் காட்மியம் சல்பைடு போன்ற பொருளால் செய்த இரண்டு ஒளியுணரிகள், ஒன்று கிழக்கிலும் ஒன்று மேற்கிலுமாக அமைந்திருக்கும். இருட்டில் அத்தகைய உணரியின் தடை பல இலட்சம் ஓம் அளவினதாகும். கடும் வெயிலில் அது சில நூறு ஓமாகக் குறைந்துவிடும். இரு கண்களுக்கும் நடுவே ஒரு சிறு தடுப்புச் சுவர் நிற்கும். பொறியின் நுட்பமெல்லாம் இச்சுவரில்தான் உள்ளது. பலகை ஞாயிற்றை நேரே நோக்கியிருக்கும்போது சுவரின் நிழல் எப்பக்கமும் விழாது. இரு கண்களும் ஒத்த ஒளி பெறும். ஞாயிறு மேற்கே நகர்ந்ததும் சுவரின் நிழல் கிழக்குக் கண்ணின்மீது படரும். ஒரு கண் ஒளியில் இருக்க, மற்றது நிழலில் அமிழும். ஒளி எவ்வளவு என்பதன்று இங்கே வினா; எப்பக்கம் மிகுதி என்பதே வினா. ஆதலின் காலை இளவெயிலாயினும் நண்பகற் கடுவெயிலாயினும் இவ்வமைப்பு ஒரே தன்மையாகத் தொழிற்படும்.

இவ்வேறுபாட்டை மின்சாரத்தின் மொழியில் சொல்லும் முறையும் எளியதே. இரு கண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியால் இணைத்து, 12 வோல்ட்டு மின்கலத்தின் இரு முனைகளுக்கிடையே வைத்ததாகக் கொள்வோம். கிழக்குக் கண் மின்கலத்தின் நேர்முனையை ஒட்டியது. இரண்டின் தடையும் ஒத்திருப்பின், அவை சந்திக்கும் நடுப்புள்ளியில் சரிபாதியாகிய 6 வோல்ட்டு இருக்கும். கிழக்குக் கண் நிழலில் அமிழ்ந்து அதன் தடை மற்றதைப் போல் மும்மடங்கானால், 12 வோல்ட்டில் முக்காற்பங்கு அதனிடத்தே செலவாகிவிடும். நடுப்புள்ளியில் எஞ்சுவது 3 வோல்ட்டு. நடுப்புள்ளி ஆறிலிருந்து கீழே இறங்கினால் ஞாயிறு மேற்கே சென்றது என்பதும், ஆறுக்கு மேலே ஏறினால் பலகை வேண்டுமளவினும் மிகுதியாக மேற்கே திரும்பிவிட்டது என்பதும் அதன் பொருள். இதனை ஒப்பிட்டு நோக்கும் மின்சுற்று, தராசு பிடிக்கும் வணிகரைப் போன்றது. தட்டு எப்பக்கம் தாழ்கின்றது என்பதை மட்டும் அது சொல்லும்.

அச்சுற்றின் குரல் மிக மெல்லியது. மோட்டாரை இயக்க அதனால் இயலாது. ஆகவே இடையில் ரிலே என்னும் தூதுவர் வேண்டும். அது தந்திக் காலத்திலேயே தோன்றிய பழைய கருவி. மெல்லிய மின்சாரம் ஒரு சுருளில் பாய்ந்ததும் சுருளினுள் இருக்கும் இரும்பு காந்தமாகும். அக்காந்தம் ஒரு சிறு நெம்பினை இழுக்கும். நெம்பு அசைந்து, வலிய மின்சாரம் செல்லும் வழியை மூடி இணைக்கும். பலகையை மேற்கே திருப்ப ஒரு ரிலே, கிழக்கே திருப்ப மற்றொன்று. நேர் மின்னோட்டத்தால் இயங்கும் மோட்டாரில் மின்சாரம் புகும் முனைகளை மாற்றிவிட்டால் அது எதிர்ப்பக்கம் சுழலும். ஆதலின் ஒரே மோட்டார் இரு திசைக்கும் போதும். இரு ரிலேக்களும் ஒருங்கே மூடிக்கொண்டால் மின்கலத்தின் முனைகள் நேரே மோதிக் கம்பிகள் எரிந்துவிடும். ஒன்று மூடியிருக்கையில் மற்றது மூடாதபடி அவற்றைப் பிணைத்து வைப்பது கற்றுக்குட்டிகள் மறந்துபோகும் ஒரு காப்பாகும்.

மோட்டாரின் வேகம் நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான சுற்றுகள். பலகைக்கு வேண்டுவதோ மணிக்கு 15 பாகையே. ஆகவே திருகு போன்ற தண்டு ஒன்றை மோட்டாரில் இணைத்து, அது பற்சக்கரத்தைப் பல்லுக்குப் பல் மெல்லத் தள்ளுமாறு அமைப்பர். வேகம் குறைவதோடு, வலிமையும் அவ்வளவுக்கு மிகும். சிறிய மோட்டாரே பெரிய பலகைத் தொகுதியை அசைத்துவிடும். இத்திருகமைப்பிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தண்டு சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் தண்டைத் திருப்ப மாட்டாது. எனவே மின்சாரம் நின்ற பின்னரும் பலகை தன் நிலையிலிருந்து நழுவாது. பலகை செல்லத்தகும் கடைசி எல்லைகளில், கிழக்கிலும் மேற்கிலும், சிறு சுவிட்சு ஒன்றை வைப்பர். சட்டம் அதனைத் தொட்டவுடன் மின்சாரம் அறுந்து மோட்டார் நிற்கும். இச்சுவிட்சு பழுதுபட்டால் சட்டம் தூணில் மோதி நின்றுவிடும்; மோட்டாரோ நிற்க அறியாது முயன்று முயன்று, மிகுந்த மின்சாரத்தை இழுத்துத் தன் சுருளையே எரித்துக்கொள்ளும்.

இவ்வளவும் அமைத்துவிட்டால் பொறி நன்றாக இயங்கும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மையில் இடர்கள் இங்கேதான் தொடங்குகின்றன. முதல் இடர், பொறி அளவுக்கு மீறி நுண்மை உடையதாய் இருத்தல். இம்மியளவு வேறுபாட்டிற்கும் மோட்டார் சுழலுமாயின், அது பலகையைச் சிறிது மிகையாகத் திருப்பிவிடும், உடனே எதிர்ப்பக்கத்துக் கண் முறையிடும், மோட்டார் திரும்பிச் சுழலும், அதுவும் மிகையாகும். இவ்வாறு பலகை ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டேயிருக்க, பற்சக்கரங்கள் தேயும், ரிலேயின் முனைகள் கருகும். ஆதலின் சில பாகை வரையில் வேறுபாடு இருப்பினும் வாளாயிருக்குமாறு பொறிக்கு ஒரு பொறுமை கற்பிக்கப்படுகின்றது. அப்பொறுமையால் நேரும் இழப்பு மிகச் சிறிது. ஐந்து பாகை பிறழ்ந்து நின்றாலும் ஒளியில் நூற்றில் அரைப் பங்குகூடக் குறையாது. பத்துப் பாகை பிறழ்ந்தாலும் ஒன்றரைப் பங்கே குறையும்.

இரண்டாம் இடர் முகில். தென்மேற்குப் பருவத்தில் ஏலமலையின் முகட்டைத் தாண்டி வரும் முகில்கள் பள்ளத்தாக்கின்மேல் ஓடிக்கொண்டேயிருக்கும். ஞாயிறு மறைந்தபொழுது, வானில் மிகுந்து ஒளிர்வது வெண்முகிலின் விளிம்பாக இருக்கலாம். கண்கள் அவ்விளிம்பையே ஞாயிறெனக் கருதி மோட்டாரை ஏவும். அடுத்த நொடி முகில் நகர்ந்ததும் மீண்டும் ஏவும். இதனைத் தடுக்க, வேறுபாடு சில நிமிடங்கள் நிலைத்திருந்தால் மட்டுமே மோட்டார் இயங்குமாறு ஒரு தாமதம் வைப்பர். இரு கண்களும் ஒருங்கே மங்கினால் அசையாதிருக்குமாறும் செய்வர். முகில் ஒரு மணி நேரம் மூடி விலகினால் ஞாயிறு 15 பாகை சென்றிருக்கும். ஒளி தெளிந்தபின் பொறி ஒரே வீச்சில் அத்தொலைவைக் கடந்து அதனை எட்டிப் பிடித்துவிடும்.

தூசியும் எச்சமும் இவற்றினும் பொல்லாதவை. காக்கை ஒன்று கிழக்குக் கண்ணின்மேல் எச்சமிட்டுச் சென்றால், அக்கண் எப்போதும் நிழலில் இருப்பதாகவே பொறி கருதும். ஞாயிறு மேற்கே உள்ளது எனத் துணிந்து, காலைப் பொழுதிலேயே பலகையை மேற்கெல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். பம்பு நின்றுபோகும், பொறியில் பழுது யாதும் இராது. திராட்சைத் தோட்டங்களிலோ கொடிகளின் நோய் தீர்க்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பர். அந்நீல வண்டல் கண்ணாடிமேல் காய்ந்து படிந்தால், துடைக்கும் வரையில் பொறிக்குக் கண் மங்கலே. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் அச்சிறு பெட்டியைத் துடைப்பதே, தானே இயங்கும் இப்பொறிக்கு உழவர் செய்ய வேண்டிய தலையாய பணி.

கம்பம் பள்ளத்தாக்கிற்கே உரிய இடர் மற்றொன்று உண்டு. தமிழ்நாட்டில் காற்று மிக்கு வீசும் கணவாய்கள் நான்கு எனக் கணக்கிடுவர். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் என்பன அவை. தேனி, ஆண்டிபட்டிப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பது இதனாலேயே. காற்றாலைக்கு வாழ்வளிக்கும் அக்காற்று, சாய்ந்து நிற்கும் பலகைக்குப் பகையாகும். மேற்கு நோக்கிச் சாய்ந்த அகன்ற பலகை பாய்மரம்போல் காற்றை வாங்கும். தூண் வளையும், அடித்தளம் பெயரும். ஆகவே காற்றின் வேகத்தை அளக்கும் சுழலி ஒன்றையும் பொறியுடன் இணைத்தல் நலம். வேகம் குறித்த அளவைக் கடந்தவுடன், கண்கள் என்ன சொல்லினும் பொருட்படுத்தாமல், பலகை மல்லாந்து படுத்துவிட வேண்டும். ஒளியின் ஆணைக்கும் காற்றின் ஆணைக்கும் முரண் நேருங்கால் காற்றின் ஆணையே வெல்லுமாறு அமைத்தவரே நல்ல பொறியாளர். சில மணி நேரத்து நீர் போனால் மறுநாள் இறைத்துக்கொள்ளலாம். பலகை பெயர்ந்து போனால் அந்தக் கோடைக்கே நீர் இல்லை.

கண்கள் இவ்வாறு ஏமாறுதலின், கண்ணே இல்லாமல் கணக்கினால் திருப்பும் முறையும் வழங்குகின்றது. எந்த நாளில் எந்த நேரத்தில் ஞாயிறு எங்கே நிற்கும் என்பது பஞ்சாங்கம் கணிப்போர்க்குப் பழைய செய்தி. தேனி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. அதனால் ஏப்பிரல் மாத நடுவிலும் ஆகஸ்டு மாத இறுதியிலும் நண்பகல் ஞாயிறு தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடபுறமாகவும், திசம்பரில் தெற்கே ஏறத்தாழ 33 பாகை சாய்ந்தும் செல்லும். இந்தியத் திட்ட நேரம் கிழக்கே 82½ பாகை நெடுங்கோட்டிற்கு உரியது. தேனியோ 77½ பாகையில் உள்ளது. ஐந்து பாகைக்கு இருபது நிமிடம் ஆகவே, அங்கு உச்சிப்பொழுது கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு அன்று, பொதுவாக 12.20 மணியை ஒட்டியே நிகழும். இவற்றையெல்லாம் ஒரு சிறு கணிப்பொறி வில்லையில் பதித்துவிட்டால், முகிலோ எச்சமோ அதனை ஏமாற்ற இயலாது. பெரிய மின்னிலையங்களில் இம்முறையே மிகுதியும் பயில்கின்றது. ஆனால் கடிகாரம் பிழைபட்டால் பொறியும் பிழைபடும். அப்பிழையைத் தானே கண்டறிய அதற்குக் கண் இல்லை. கணக்கினால் ஏறக்குறையத் திருப்பி, கண்ணால் சரிபார்க்கும் கலப்பு முறையும் உண்டு. சூரியகாந்தி செய்வதும் ஏறத்தாழ இதுவே.

இப்பொறி எல்லாத் தோட்டத்திற்கும் வேண்டுமா என்பது ஆராயத்தக்கது. பலகையைக் கையால் திருப்பும் உழவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் காலையில் பலகையைக் கிழக்கே 45 பாகை சாய்க்கின்றார். முற்பகலின் நடுவில் மல்லாத்துகின்றார். பிற்பகலில் மேற்கே 45 பாகை சாய்க்கின்றார். உச்சிக்கு நாலரை மணி முன்னிருந்து நாலரை மணி பின்வரை, உரிய வேளையில் திருப்புவாராயின், பலகை ஞாயிற்றினின்று 22½ பாகைக்கு மேல் பிறழாது. அவ்வளவு பிறழும்போதும் ஒளியில் நூற்றுக்கு எட்டுப் பங்கிற்குள்ளாகவே குறையும். மோட்டாரும் ரிலேயும் நாள் முழுதும் உழைத்து ஈட்டும் பயனில் பெரும்பகுதியை, ஒருவர் மூன்று முறை கைவைத்து ஈட்டிவிடுகின்றார். மேலும், ஒளிமின் பலகைகளின் விலை 2010க்குப் பின்னர் பெரிதும் வீழ்ந்துவிட்டமையால், திருப்பும் பொறிக்குச் செலவிடும் பொருளுக்கு இரண்டொரு பலகைகளை மிகையாக வாங்கி அசையாமல் நிறுத்திவிடுவாரும் உளர். அதுவும் அறிவுடைய செயலே. வீட்டருகே கிணறு உடையவருக்கும், தோட்டத்திலேயே ஆள் உடையவருக்கும் கையே போதும். தொலைவில் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்து, நாள்தோறும் சென்று பார்க்க இயலாதவருக்குத்தான் கண்ணும் மோட்டாரும் உண்மையில் துணையாகின்றன.

ஒளியுணரியும் மோட்டாரும் கூடிச் செய்யும் வேலை இஃதொன்றே அன்று. அந்தி மயங்கியதும் தாமே எரியும் தெருவிளக்குகளில் மோட்டார் இல்லை, ஒளியுணரி உண்டு. நூற்பாலைகளில் நூல் சுற்றும் எந்திரத்தில், ஓடும் நூலின் தடிப்பை ஒளியால் அளந்து, பருத்த இடம் கண்டவுடன் நூலை அறுத்துப் பழுது நீக்கிப் பின் முடிந்துகொள்ளும் அமைப்பு உள்ளது. அதன் கண் நொடிப்பொழுதில் காண்பதை மனிதக் கண் காண இயலாது.

பள்ளத்தாக்கின் மேற்கோரத்து ஊர்களில் மாலை விரைவாக வந்துவிடும். வெளியுலகில் ஞாயிறு மறைவதற்கு முன்னரே மலையின் நிழல் தோட்டத்தின்மேல் படியும். அப்பொழுது இரு கண்களும் ஒருங்கே மங்க, மோட்டார் சிறிது நேரம் காத்திருக்கின்றது. ஒளி மீளவில்லை எனக் கண்டபின், மின்கலத்தில் சேமித்து வைத்த மின்சாரத்தைக்கொண்டு பலகையைத் திருப்புகின்றது. காற்றில்லாத மாதங்களில் அதனைக் கிழக்கெல்லை வரையில் கொண்டுசென்று, மறுநாள் மேகமலையின்மேல் எழும் முதற்கதிருக்கு முகங்காட்டி நிறுத்தும். சூனிலிருந்து செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்தில் அவ்வாறு செய்யாமல், இரவெல்லாம் வானை நோக்கி மல்லாந்து கிடக்குமாறு உழவர் அதன் விசையை மாற்றி வைப்பர்.